சராசரியும் சாதாரணமும்

தரகர் எழுதிவந்த துண்டில் என்னைப் பற்றி மூன்று விவரங்கள் இருந்தன. பொதுநிறம். நடுத்தர உயரம். சாதாரண குடும்பம். கொப்பித் தாள் ஒன்றின் கால்வாசியில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத் தடையால் தாளும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அருமையாகிப் போன காலம். ஒரு தாளைக் கிழித்து நான்கு பெண்களைப் பற்றி எழுதுவதுதான் அவருக்குக் கட்டுபடியாகும்.

அப்பா துண்டை வாங்கி வாசித்தார். முதல் இரண்டுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"ஆர் சாதாரண குடும்பம்?"

"எல்லாருக்கும் அப்பிடித்தான் ஐயா எழுதிறனான். பெரிய இடமும் இல்லை, கஷ்டப்பட்ட இடமும் இல்லை எண்டு கருத்து."

"அதுக்குப் பேர் நடுத்தரம். உயரத்துக்கு நடுத்தரம் எண்டு எழுதத் தெரிஞ்ச உமக்குக் குடும்பத்துக்கு எழுதத் தெரியேல்லையோ?"

தரகர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துச் 'சாதாரண' என்பதை வெட்டி 'நடுத்தர' என்று மேலே எழுதினார். அப்பா திரும்ப வாசித்துப் பார்த்து, இப்போது சரி என்றார். குசினி வாசலில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. நடுத்தரம் என்றால் அப்பாவுக்கு அது ஒரு இடம். மேலே சிலர், கீழே சிலர், நடுவில் நாங்கள். சாதாரணம் என்றால் அவருக்கு அது ஒரு குறை. எங்கள் கோப்பாயில் அப்பாவின் வெங்காயம் நல்ல பெயர் எடுத்திருந்தது. அப்படிப்பட்ட ஒருவரை ஒருவன் சாதாரணம் என்று எழுதிவிட்டான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. மூன்று பெண்களில் நான் இரண்டாவது. வீட்டிலும் ஒழுங்கையிலும் என்னை நடுவிலாள் என்றுதான் சொல்வார்கள். அக்கா வடிவு. கோயிலுக்குப் போனால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டாள். தங்கச்சி பாடுவாள். எனக்கென்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கணக்கு வரும், அவ்வளவுதான். கணக்கு வரும் பெண் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தென்மராட்சியில், சாவகச்சேரிக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் சைக்கிளில் கைதடிப் பாலத்தால் போவேன். கடல்நீரேரிக் காற்று முகத்தில் அடிக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு குனிந்து மிதிப்பேன். பின்னேரம் திரும்பும்போது அதே காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். இப்போது நினைத்தால் அந்தத் தள்ளலைத்தான் முதலில் நினைக்கிறேன். கூலியில்லாத ஒரு கை எப்போதும் முதுகில் இருந்தது போல.

அந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு இடை, இடையம், ஆகாரம் படிப்பித்தேன். எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை என்று பார்த்துப் பிரித்தால் வருவது இடை. வெளியில் எல்லோரும் சராசரி என்று சொல்வது அதைத்தான். சிறியதிலிருந்து பெரியதுக்கு வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பது இடையம். கூடுதலான தடவை வருவது ஆகாரம். மூன்றும் நடுவைச் சொல்ல வந்த சொற்கள்தான், ஆனால் ஒன்று சொல்லும் இடத்தில் மற்றது நிற்காது என்று சொல்லிக்கொடுத்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், எங்கடை வீட்டிலை கிழமையிலை அஞ்சு நாளும் புட்டு. அப்ப எங்களுக்கு ஆகாரம் புட்டுத்தானே?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். இரண்டு கருத்திலும் சரியான விடை அது. கரும்பலகையில் 'ஆகாரம் = புட்டு' என்று எழுதி, பக்கத்தில் சரி போட்டேன். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அதுதான் நிலை.

தரகர் கொண்டுவந்த சம்பந்தம் சாவகச்சேரிப் பக்கம். மாப்பிள்ளைக்கு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் உத்தியோகம். மழை அளக்கிற வேலை என்றார் தரகர். அப்பா அதை நம்பவில்லை. "மழையை அளக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்று கேட்டார். ஆனால் சாதகக் குறிப்புப் பொருந்தியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். அவரும் தாயும் மட்டும். தகப்பன் முன்பே செத்துப்போய்விட்டார். பழைய கார் ஒன்றை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார்கள். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம், அந்தக் கார் படலையில் வந்து நின்றபோது ஒழுங்கை முழுவதும் புகை.

நான் அறைக்குள் இருந்தேன். அம்மாவும் தங்கச்சியும் தேத்தண்ணி ஊற்றினார்கள். சீனி இல்லை, பனங்கட்டிதான். விறாந்தையில் அப்பாவும் அவரும் கதைப்பது யன்னலால் நன்றாகக் கேட்டது. அப்பா வெங்காயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் இல்லாததால் பம்பு ஓடுவதில்லை, பழையபடி துலா மிதித்துத்தான் தண்ணீர் இறைக்கிறோம், போன வருசம் வானமும் ஏமாற்றிவிட்டது என்றார்.

"போன வருசம் சராசரியை விடப் பெரிசாக் குறையேல்லை ஐயா," என்றார் அவர். குரல் தாழ்வாக, கவனமாக வந்தது.

"எந்த மாதத்துச் சராசரி, தம்பி?"

"வருசத்து மழையைப் பன்னிரண்டாலை பிரிச்சு, மாதத்துக்கு இவ்வளவு எண்டு கந்தோரிலை எழுதுவம்."

"வானம் பன்னிரண்டாலை பிரிச்சே பெய்யுது? ஐப்பசி, கார்த்திகையிலை வந்து வெள்ளமாக் கொட்டிப்போட்டுப் போகுது. பிறகு ஒண்டுமில்லை. சித்திரையிலை நான் உங்கடை சராசரியைப் பயிருக்கு ஊத்திறதோ?"

"அதில்லை ஐயா, மழை குறைஞ்ச மாதம் எவ்வளவு, கூடின மாதம் எவ்வளவு எண்டு..."

"எனக்கு வழமையா ஒரு மாதத்திலை எவ்வளவு பெய்யும் எண்டு சொல்லும். அது காணும்."

இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் குரல் ஏறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து அம்மா என் கையில் தட்டத்தைத் தந்து வெளியே போகச் சொன்னாள். நான் போனேன். தட்டத்தை வைப்பதற்கு முன்பே வாய் திறந்துவிட்டது.

"அப்பா, அவர் சொல்லுறது இடை. நீங்கள் கேக்கிறது இடையம்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் தட்டத்தோடு நின்று தகப்பனைத் திருத்துவதை அவர் எங்கும் கண்டிருக்க மாட்டார்.

"பன்னிரண்டு மாதத்தையும் மழை குறைஞ்சதிலையிருந்து கூடினது வரைக்கும் வரிசையா நிப்பாட்டுங்கோ. நடுவிலை நிக்கிற ரண்டு மாதத்தையும் பாருங்கோ. வழமையா எவ்வளவு எண்டு அது காட்டும். கார்த்திகை வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போகாது."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று விளங்கியது. குசினிப் பக்கம் அம்மா இருமினாள். தட்டத்தைக் கதிரைக்கு முன்னால் இருந்த மேசையில் வைத்தேன்.

"ஓம், அவ சொல்லுறது சரி," என்றார் அவர். "எங்கடை கந்தோரிலை இடையம் எழுதிறேல்லை. எழுதவேணும்."

அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தேன். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டப்பட்டிருந்தது. கண்ணாடிக் கடையில் கால் கிடைக்காத காலம். அவரும் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரு கணக்குக்கு விடை சரிவந்தால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் பார்த்தார்.

தாய் அதுவரை ஒன்றும் கதைக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தட்டத்தில் வைத்துவிட்டு, "பிள்ளை, எத்தினை வகுப்புக்குப் படிப்பிக்கிறாய்?" என்று கேட்டார். சொன்னேன். அதோடு புறப்பட்டார்கள்.

படலைக்குப் பக்கத்தில் செவ்வரத்தை அடர்ந்து நின்றது. தங்கச்சி பூப் பறிக்கிற மாதிரி அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கார் எழும்பாமல் சாரதி திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தான். கார் போன பிறகு தங்கச்சி வந்தாள், முகம் சுண்டிப்போயிருந்தது.

"என்ன சொன்னவை?" அம்மா கேட்டாள்.

"அந்த மனிசி மகனுக்குச் சொன்னவ, 'பிள்ளை சாதாரணம்' எண்டு. பிறகு கார் சத்தம். ஒண்டும் கேக்கேல்லை."

அப்பா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். இரண்டு நாள் கழித்துத் தரகரைக் கூப்பிட்டு, எங்களுக்கு விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கவலைதான் வந்தது, அது ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. வடிவில்லை என்று சொல்லியிருந்தால் அக்காவின் நினைவில் அதை விழுங்கியிருப்பேன். வாய்க்காரி என்று சொல்லியிருந்தால் அதற்கு நானே காரணம் என்று விட்டிருப்பேன். சாதாரணம் என்றால் பார்த்ததும் மறந்துவிடலாம் என்றுதானே கருத்து. வகுப்பில் சராசரி என்று எழுதும்போது எனக்கு வருத்தமே இல்லை. அது ஒரு எண். யாருடைய முகமும் அதற்கு இல்லை. சாதாரணம் என்பது மட்டும் யாரோ என் முகத்தைப் பார்த்துச் சொல்லிய சொல்லாகத் தெரிந்தது. பாலத்தில் சைக்கிள் மிதிக்கும்போது அந்தச் சொல் என்னோடு கூடவே வந்தது. இரண்டு கிழமை அப்படிப் போனது. தங்கச்சி தன் காதைத் தானே நொந்துகொண்டாள். கேட்டதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்றாள்.

பிறகு ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டதும் சாவகச்சேரிச் சந்தைக்குப் போனேன். பலாப்பழக் காலம். சந்தை முழுவதும் அந்த வாசம். தென்மராட்சிப் பலாவுக்கு அப்படி ஒரு வாசம், தூரத்திலேயே வாயூறும். ஒரு பாதிப் பழம் வாங்கிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். எதிரில் முருங்கைக்காய்க் கட்டோடு அந்தத் தாய் நின்றார்.

எனக்குத் தப்பிப்போக வழியில்லை. அவரும் தயங்கவில்லை.

"பிள்ளை, நில்லு. ஒண்டு கேக்கவேணும். ஏன் எங்களை வேண்டாம் எண்டனீங்கள்?"

சுற்றிலும் ஆட்கள். சந்தையில் நின்று இதைக் கதைப்பதா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு நேராகவே சொன்னேன்.

"நீங்கள் என்னைச் சாதாரணம் எண்டு சொன்னனீங்களாம், அம்மா."

அவர் என்னையே பார்த்தார். முருங்கைக்காய்க் கட்டை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஆர் கேட்டது?"

"தங்கச்சி."

"அவள் முழுக்கக் கேக்கேல்லை. நான் 'பிள்ளை சாதாரணமா இருக்கிறா' எண்டு சொன்னனான். 'எங்களைக் கண்டு மாறேல்லை' எண்டும் சொன்னனான். கார் சத்தம் போட்டிருக்கும்." மூச்சு விட்டுக்கொண்டு தொடர்ந்தார். "உனக்கு முன்னாலை ரண்டு வீட்டிலை பாத்தனாங்கள். ரண்டு பிள்ளையளும் என்னைக் கண்டு நடுங்கிச்சினம். தட்டத்திலை கோப்பை கிலுகிலு எண்டு ஆடினது. ஒண்டு குனிஞ்ச தலை நிமிரேல்லை. எனக்கு அந்தப் பிள்ளையளை நினைச்சுக் கவலை. நானும் ஒரு காலத்திலை அப்பிடி நடுங்கினனான். நீ வந்தாய், தகப்பனைத் திருத்தினாய், தேத்தண்ணியையும் சிந்தாமல் வைச்சாய். உன்ரை வீட்டிலை நீ எப்பிடி இருப்பியோ அப்பிடியே இருந்தாய். அதைத்தான் சொன்னனான்."

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. சாதாரணம், சாதாரணமா. கடைசியில் வரும் ஒரேயொரு நெடிலைக் கார் இயந்திரம் தின்றுவிட்டது. அது இருந்தால் சொல் மனதைப் பற்றியது, இல்லாவிட்டால் முகத்தைப் பற்றியது.

"அதோடை பிள்ளை," அவர் குரலைத் தாழ்த்தினார், "நான் வெறும் சாதாரணம் எண்டே சொல்லியிருந்தாலும், அது அவ்வளவு கூடாத சொல்லே?"

இல்லை அம்மா என்று மட்டும் சொன்னேன். புறப்படும்போது அவர் சொன்னார், மகன் உன் அப்பாவுக்கென்று ஏதோ எழுதி வைத்திருக்கிறான், வேண்டாம் என்று சொன்னதால் கொடுக்கவில்லை, வருகிற செவ்வாய்க்கிழமை இதே நேரம் கொண்டுவருகிறேன் என்று.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். நான்காக மடித்த தாள் ஒன்று தந்தார். கந்தோர்ப் படிவம் ஒன்றின் வெறுமையான பின்பக்கம். அதில் மகன் எழுதிய பத்து ஆண்டு மழை, மாதம் மாதமாக. ஒவ்வொரு ஆண்டின் கீழும் பன்னிரண்டு மாதங்களை மழை குறைந்ததிலிருந்து கூடினது வரை வரிசையாக எழுதி, நடுவிலிருந்த இரண்டையும் வட்டமிட்டிருந்தார். பக்கத்தில் சராசரியும் இருந்தது. இரண்டும் வெகு தூரம் தள்ளி நின்றன. அடியில் ஒரு வரி: 'ஐயா கேட்டது சரியான கேள்வி.'

அடுத்த நாள் காலையில் தோட்டத்து வெங்காயத் தறையில் அப்பாவிடம் தாளைக் கொடுத்தேன். சந்தையில் நடந்ததையும் சொன்னேன். அவர் வரம்பில் குந்தியிருந்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாசித்தார். விரலால் ஒவ்வொரு மாதமாகத் தொட்டுப் பார்த்தார். சில ஆண்டுகளுக்கு அவருக்கு நினைவு இருந்தது. "ஓம், அந்த மாசிக்குத் துளியும் இல்லை," என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். கடைசி வரியைத் திரும்பவும் வாசித்தார்.

"உவன் ஆள் பரவாயில்லை," என்றார்.

அப்பாவின் வாயில் பரவாயில்லை என்பது பெரிய புகழ்ச்சி. எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை அவர் ஒரு கட்டு வெங்காயத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தானாகவே சாவகச்சேரிக்குப் போனார். அங்கே நடந்ததைப் பிறகு என் மாமியான அந்தத் தாய் சொல்லித்தான் அறிந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்பாவும் மாப்பிள்ளையும் மழையை மட்டுமே கதைத்தார்களாம். கலியாணப் பேச்சே வரவில்லை. அப்பா புறப்பட எழும்பிவிட்டார். மாமிதான் வாசலில் மறித்து, "அப்ப நாள் எப்ப வைக்கிறது?" என்று கேட்டாராம். அப்பா செருப்பைப் போட்டபடியே, "அது நீங்கள் சொல்லுங்கோ," என்றாராம்.

கலியாணம் ஆவணியில் நடந்தது. கூறைச் சேலை அக்காவுடையது, அம்மா பெட்டிக்குள் கற்பூரம் போட்டு வைத்திருந்தாள். சர்க்கரை கிடைக்காததால் பாயசம் பனங்கட்டியில் கறுத்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் சைக்கிளில் வந்தார்கள், வீட்டு வளவுக்குள் சைக்கிள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. தங்கச்சி பாடினாள். மாமி என் பக்கத்தில் இருந்து, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டார்.

சாவகச்சேரி வீட்டில் தொடங்கிய வாழ்க்கையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, அதனால்தானோ என்னவோ நிறைய நினைவிருக்கிறது. விடுமுறை நாட்களில் அவரோடு மழைமானி பார்க்கப் போவேன். காலை எட்டரைக்கு அளக்கவேண்டும். மழை பெய்யாத நாளிலும் போய்த் திறந்து பார்த்து, இல்லை என்று எழுதவேண்டும். நல்ல வெயிலில் அவர் அந்த மூடியைக் கழற்றிக் குனிந்து உள்ளே பார்ப்பதைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

"வெயில் எறிக்குது, பிறகு என்னத்தைப் பாக்கிறியள்?"

"பாக்காமல் இல்லை எண்டு எழுதக் கூடாது," என்பார். "நீர் ஒருக்காப் பாரும்."

நானும் குனிந்து பார்ப்பேன். அடியில் ஒன்றும் இருக்காது. சிலநாள் ஒரு எறும்பு இருக்கும்.

எங்களுக்கு மகள் பிறந்தாள். அப்பா மாதத்தில் ஒருநாள் கோப்பாயிலிருந்து வெங்காயமோ வாழைக்குலையோ கொண்டு வந்து, பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு மருமகனோடு கதைப்பார். இருட்டமுன் போய்விடவேண்டும் என்று வருவார், பிறகு இருட்டிய பின்தான் போவார்.

தொண்ணூற்றைந்தில், ஒக்ரோபர் கடைசியில், இராணுவம் முன்னேறி வர, கோப்பாய் அடங்கிய வலிகாமத்துச் சனம் எல்லாம் ஒரே இரவில் கைதடிப் பாலத்தால் தென்மராட்சிக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் தங்கச்சியும் விடிய எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். உடுத்த உடுப்பெல்லாம் நனைந்து சேறாகியிருந்தது. வீட்டிலும் வளவிலும் முப்பது பேருக்கு மேல். மாமி யார் எங்கே படுப்பது, யார் கிணற்றடிக்கு எப்போது போவது என்று பிரித்துக் கொடுத்தார். பெரிய பானையில் கஞ்சி.

அப்பா தறையில் வெங்காயம் நட்டுவிட்டு வந்திருந்தார். பல நாட்கள் மாமரத்தின் கீழ் பாயில் வீட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிறகு ஒரு காலையில் எழும்பி, வளவின் பின்பக்கம் போய், மண்ணை அள்ளிக் கையில் உதிர்த்துப் பார்த்தார்.

"இது மண்ணே? மணல்," என்றார்.

மாமி அடுப்படியிலிருந்து, "எங்களுக்கு இதுதான் மண். உங்கடை செம்மண்ணிலை எங்கடை பலா வருமே?" என்று கேட்டார்.

அப்பா மருமகனிடம் மண்வெட்டி கேட்டார். இரண்டு பேருமாகப் பழைய மாட்டெருவைக் கொத்திக் கலந்து, நாலு முழத்தில் இரண்டு பாத்தி கட்டினார்கள். மாமி தன் பெட்டியிலிருந்து முளைக்கீரை விதை கொண்டுவந்து கொடுத்தார். மூன்று கிழமையில் பாத்தி பச்சையாகிவிட்டது. ஒரு மத்தியானம் அப்பா முதல் கீரைப் பிடியைப் பிடுங்கி, வேரை உதறி, மாமியின் கையில் கொடுத்தார்.

"முப்பது பேருக்குக் காணாது," என்றார் மாமி.

"நாளைக்கும் பிடுங்கலாம்," என்றார் அப்பா. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.